சரிங்க என்றால் போதாது

ஆஸ்பத்திரியில் அவரைத் திருப்பிச்சொல்லு ஐயா என்றுதான் சொல்வார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊர் வைத்த பெயரே அவருக்குப் பொருத்தமாக இருந்ததால் நானும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவருக்கு உத்தியோகம் துபாஷ். வெள்ளைக்கார டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும், நாங்கள் தமிழில் முனகுவதை டாக்டருக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் அந்தக் காலத்தில் இங்கிலீஷ் தெரிந்த தமிழர் என்றால் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துக்காரர்கள். இவரும் அப்படித்தான். நெடுநெடுவென்று உயரம், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, நெற்றி நிறையத் திருநீறு, கோட்டுக் காலரின் பின்பக்கம் மாட்டித் தொங்கவிட்ட குடை. கையில் எப்போதும் ஒரு சோடாப் போத்தல். அதில் வீட்டுத் தண்ணீர் இருக்கும். நோயாளி வீட்டார் யார் கொடுத்தாலும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். கேட்டால், "ஒரு வீட்டிலை தண்ணி குடிச்சா என்ரை நாக்கு அந்தப் பக்கம் சாய்ஞ்சிடும். நான் நடுவிலை நிக்கிறவன்" என்பார். சாதித் திமிர், அதற்கு இப்படி ஒரு சாக்கு என்று சிலர் சொன்னார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது குளிர்காய்ச்சலோடு. கப்பலேறி வந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டில் குடித்தனம் வைத்த புதிது. என் வீட்டுக்காரருக்கு யார்டில் சரக்கு வண்டிகளைக் கோத்துவிடுவதும் கழட்டிவிடுவதும் வேலை. கம்பளியைச் சுற்றி அவர்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் என் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். இந்த நெட்டை மனிதர் என் பக்கம் திரும்பி, மாத்திரையை எப்போது எப்படி விழுங்க வேண்டும் என்று சொன்னார். பல் கிட்டிக்கொண்டிருந்தாலும் மரியாதை மறக்காமல், "சரிங்க" என்றேன்.

"சரிங்க வேண்டாம். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

"காலமையும் பின்னேரமும் சாப்பாட்டுக்குப் பிறகு" என்று அவர் சொன்ன மாதிரியே, அவர் ராகத்திலேயே ஒப்பித்தேன். என் வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார்.

"அது என்ரை சொல்லு. என்ரை சொல்லு எனக்கு எதுக்கு? உன்ரை சொல்லிலை சொல்லு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, இந்த மனுசன் பள்ளிக்கூடம் நடத்துகிறார். "காலையில பசியாறிட்டு ஒரு கசப்பு மாத்திரை. பொழுது சாயறப்ப சோறு தின்னுட்டு ஒரு கசப்பு மாத்திரை. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நானா நிறுத்தினா திரும்ப வந்து இதே மாதிரி உங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிப்பேன். போதுமா?"

பசியாறுவது என்றால் எங்களுக்கு இங்கே காலைப் பலகாரம். அவர் வலது காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டு, உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அப்படித்தான் நிற்பார். பிறகு காதை விட்டுவிட்டு, "எனக்கு விளங்கிச்சு" என்றார்.

இதில்தான் அவர் மற்றவர்களிடமிருந்து மாறுபட்டார். மற்றவர்கள் நம்மிடம், புரிந்ததா என்று கேட்பார்கள். அதற்கும் நாம் சரிங்க என்போம். இவர் அதைக் கேட்கவே மாட்டார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும், அது அவருக்கு விளங்க வேண்டும். அதுவரை மாத்திரைப் பொட்டலம் அவர் கையை விட்டு வராது.

நம் சனம் சரிங்க சொல்லிப் பழகிய சனம். கங்காணி கேட்டால் சரிங்க, துரை கேட்டால் சரிங்க, சாமியாடி கேட்டாலும் சரிங்க. அதைச் சொல்வதற்குக் காதுகூட வேண்டியதில்லை. "சரிங்க எண்டது பதில் இல்லை, கும்பிடு" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. வரிசையில் நிற்பவர்கள், "அரைச்ச மாவையே அரைக்கிறாரு பாரு" என்று முணுமுணுப்பார்கள். பிள்ளைகள் லயத்தில் துபாஷ் விளையாட்டு விளையாடின. ஒன்று குடைக்குப் பதில் தென்னை மட்டையை முதுகில் செருகிக்கொள்ளும், மற்றவை எல்லாம் திருப்பிச் சொல்லும்.

ஒருநாள் காய்கறிப் பாசாரில் அவரைப் பார்த்தேன். கீரை விற்ற கிழவரிடம், "இது இண்டைக்குப் பிடுங்கினதோ?" என்று கேட்டார். "ஆமாங்க, புதுசுங்க" என்றார் கிழவர். "ஆமாங்க வேண்டாம். எப்ப பிடுங்கினது, ஆர் பிடுங்கினது, அதைச் சொல்லு" என்று ஐயா காதை இழுக்கத் தொடங்கினார். கிழவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, நேற்றுப் பறித்ததை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு வேறு கட்டை நீட்டினார். வீட்டில் அந்த அம்மாள் இந்த மனுசனோடு எப்படிக் குப்பை கொட்டுகிறாளோ என்று நினைத்துக்கொண்டு நான் வெண்டைக்காய் பொறுக்கினேன்.

இப்படிச் சிரிப்பாகவே போயிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது.

கித்தா விலை விழுந்த வருஷம் அது. கித்தா என்றால் ரப்பர். தோட்டங்களில் ஆளைக் குறைத்து, கிள்ளானுக்குக் கொண்டுபோய்க் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரயில்வேயிலும் யார் பெயர் எப்போது அடிபடும் என்று தெரியாது. எனக்கு வயிற்றில் ஆறு மாசம். ஊரில் எங்களுக்கென்று ஒரு கூரைகூட இல்லை, இருந்ததை விற்றுத்தான் கப்பலுக்கு வந்திருந்தோம். அப்படி ஒரு மழைக் காலையில் யார்டில் ஈரத்தில் வழுக்கி, என் வீட்டுக்காரரின் வலது பாதத்தின் மேல் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். முதலில் தேறுவது மாதிரித்தான் இருந்தது. பிறகு விரல்கள் கறுத்தன. கட்டுக்கு உள்ளிருந்து ஒரு நாற்றம் வந்தது. ஒரு மத்தியானம் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பக்கத்தில் நின்ற, கட்டுப் போடுகிற டிரஸ்ஸரின் முகம் மாறியது. திருப்பிச்சொல்லு ஐயா குடையைக் காலரிலிருந்து கழட்டிக் கட்டில் காலில் சாத்தி வைத்தார், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, உன்ரை பாதத்திலை ரத்தம் ஓடாமல் நிண்டுபோச்சு. ரத்தம் ஓடாத இடம் செத்த இடம். செத்தது அங்கேயே நிக்காது, மேலை ஏறும். ஏறினால் நீ இருக்கமாட்டாய். ஏற முதல் முழங்காலுக்குக் கீழை வெட்டி எடுக்கவேணும். மருந்து தந்து நித்திரையாக்கிப்போட்டுத்தான் வெட்டுவினம், அப்ப நோகாது. பிறகு நோகும். நல்லா நோகும். ஆனால் நீ இருப்பாய்."

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். ஐயா எழுந்திருக்கவில்லை. டாக்டர் நின்று ஏதோ கேட்டார், இவர் ஏதோ சொன்னார். டாக்டருக்கு முகம் சிவந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் இங்கிலீஷ் போய்ப் போய் வந்தது. அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை டிரஸ்ஸர் பிற்பாடு எனக்குச் சொன்னார். அவன்தான் சம்மதித்துவிட்டானே என்றாராம் டாக்டர். அவன் உங்களுக்குக் கும்பிடு போட்டான், பதில் இன்னும் சொல்லவில்லை என்றாராம் இவர். நான் சொன்னது ஒரு வார்த்தை, அதற்கு நீ இவ்வளவு நேரம் எடுக்கிறாய் என்றாராம் டாக்டர். அதற்கு இவர் சொன்னது: "தினம் தினம் சொல்வதால் அது உங்களுக்கு ஒரு வார்த்தை. இவன் ஆயுசில் ஒருமுறைதான் அதைக் கேட்கிறான்."

நல்ல டாக்டர் அவர், அதையும் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்துக் கட்டிலடியிலிருந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்தார்.

"சொல்லு தம்பி. உன்ரை சொல்லிலை."

"கால்ல இருக்கிற கெட்ட சதையை எடுத்துட்டுக் கட்டுப் போடுவாங்க. கொஞ்ச நாள்ல நடந்துடலாம்."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டோம். செத்த இடம் என்றார், வெட்டி எடுப்பார்கள் என்றார். காதில் விழுந்தது. மனசு அதில் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டது. ஐயா தன் கால்சட்டையை ஒதுக்கி, முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையைக் குறுக்காக வைத்தார்.

"இஞ்சை. இதுக்குக் கீழை ஒண்டும் இராது."

என் வீட்டுக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாங்க" என்றார். "செத்தாலும் முழுசாப் போறேன்."

ஐயா அதையும் அப்படியே டாக்டருக்குச் சொன்னார். கெஞ்சவில்லை, புத்தி சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு பிள்ளை" என்றார்.

"அவரு இஷ்டந்தாங்க."

"அது சரிங்கவுக்குத் தங்கச்சி." காது மடலை இழுத்தார். "காய்ச்சலோடை வந்து என்னை ஏசினவள் நீ. வாய் இருக்கு எண்டு எனக்குத் தெரியும். இண்டைக்கு ஏன் பொத்திக்கொண்டு நிக்கிறாய்?"

எனக்கு உடைந்துவிட்டது. வார்டு என்றும் பார்க்கவில்லை, வெள்ளைக்காரர் என்றும் பார்க்கவில்லை. "கால் இல்லாத ஆளை ரயில்வேயில வச்சுக்குவாங்களா? கப்பல்ல ஏத்திட மாட்டாங்களா? ஊருல போய் எங்க நிக்கிறது? வயித்துல புள்ளை இருக்கு. கால் போனா மூணு பேரும் தெருவுல. தான் போயிட்டா, ரயில்வேயில ஏதாவது குடுப்பாங்க, இவ எங்கயாவது வேலை செஞ்சு பிழைச்சுக்குவான்னு கணக்குப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு இந்த மனுசன். வேற ஒண்ணுமில்ல."

என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சொன்னது அத்தனையும் உண்மை என்று அவர் முதுகே சொன்னது.

ஐயா இங்கிலீஷில் பேசினார். நெடுநேரம் பேசினார். கப்பல், ஊர், வயிற்றுப் பிள்ளை, தெரு, எதையும் அவர் விட்டிருக்கமாட்டார். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"தம்பி, இஞ்சாலை திரும்பு. ரயில்வேப் பெரியதுரை இவருக்குப் பழக்கமாம். ரயில் கேட்டைத் திறந்து பூட்டுற வேலை ஏதும் இருந்தால் உனக்குத் தரச்சொல்லிக் கேட்பாராம்." ஒரு மூச்சு விட்டார். "கிடைக்குமெண்டு வாக்குத் தரத் தன்னாலை ஏலாதாம். அதையும் சொன்னவர், அதையும் நான் சொல்லுறன்."

வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் கடைசிப் பாதியை விழுங்கியிருப்பார்கள். நானாக இருந்தால் கட்டாயம் விழுங்கியிருப்பேன். வேலை கிடைத்துவிட்டது, சம்மதித்துவிடு என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கடைசிப் பாதியைக் கேட்ட பிறகுதான் என் வீட்டுக்காரர் திரும்பிப் படுத்தார். நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிற ஆளை நம்பலாம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

"இனி நீ சொல்லு" என்றார் ஐயா.

என் வீட்டுக்காரர் பேசுவதே குறைவு. பேசினால் யார்டு பேச்சுத்தான்.

"அச்சுப் புகையிற வண்டி ஒண்ணு ரயில்ல மாட்டிக்கும்" என்று தொடங்கினார். "அதையும் இழுத்துக்கிட்டே ஓடினா நடுவழியில அச்சு முறிஞ்சு எல்லா வண்டியும் கவுந்துடும். அதனால அந்த ஒண்ணை மட்டும் கழட்டி ஓரத் தண்டவாளத்துல விட்டுடுவோம். மத்ததை எடுத்துக்கிட்டு வந்து சேர்ந்துடுவோம். சரக்குல கொஞ்சம் குறையும். துரை கத்துவாரு. கத்தினாக் கத்தட்டும், ரயிலு வந்து சேர்ந்துடுச்சுல்ல." கட்டுப் போட்ட காலைக் காட்டினார். "இதைக் கழட்டிடுங்க. வேலை கிடைச்சாக் கிடைக்கட்டும், கிடைக்காட்டி அப்புறம் பாத்துக்கலாம்."

ஐயா காதை விட்டார். "எனக்கு விளங்கிச்சு" என்றார். டாக்டருக்கு அதை எடுத்துச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டாக்டர் எழுந்து என் வீட்டுக்காரர் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே வெட்டிக்கொண்டிருந்தபோது நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஐயாவுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை, ஆனாலும் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "ஏங்க ஐயா, சரிங்கன்னா உங்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு?" என்று கேட்டேன்.

"முந்தி ஒரு தோட்டத்திலை வேலை செய்தனான். ஒரு பெட்டைக்குக் குடிக்கிற மருந்து ஒண்டு, பூசுற மருந்து ஒண்டு. இரண்டையும் குடுத்து நல்லாத்தான் சொன்னனான். சரிங்க எண்டவள். நான் அந்தச் சரிங்கவை நம்பிப்போட்டன்."

அவள் எதைக் குடித்திருப்பாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சோடாப் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். சாதித் திமிர் என்று நானும் நினைத்தேனே என்று அப்போது எனக்கு உறுத்தியது.

என் வீட்டுக்காரர் தேறிக்கொண்டிருந்த நாட்களில் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு ஆள் வந்தார். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் கித்தா மரத்தில் பால் வெட்டுகிறவர். காய்ச்சல் முற்றிப்போய்த்தான் வந்திருந்தார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். "பெரட்டு இருக்குதுங்களே" என்றார் அவர்.

பெரட்டு என்றால் என்ன என்று டாக்டர் கேட்டிருப்பார் போலிருக்கிறது. ஐயா விரலை மடக்கி மடக்கி இங்கிலீஷில் அடுக்கினார். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை, அவர் இந்தப் பக்கம் வந்ததும் என்ன அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"விடிய முதல் எழும்பவேணும். இருட்டுக்கை போய் வரிசையிலை நிக்கவேணும். பேர் கூப்பிடுவினம். இல்லாதவனுக்கு அண்டைக்குச் சம்பளம் இல்லை. பிந்தினவனுக்கு ஏச்சு. ஆர் எந்த மலைக்குப் போறது எண்டு கங்காணி சொல்லுவான். காய்ச்சல் வந்த வருத்தக்காரனும் வந்து நிண்டுதான் வருத்தம் எண்டு சொல்லவேணும். இவ்வளவும் உந்த ஒரு சொல்லுக்குள்ளை கிடக்கு."

"இத்தனூண்டு சொல்லுக்குள்ளயா?"

"ஒவ்வொரு நாளும் நடக்கிறதை ஆர் நீட்டிச் சொல்லிக்கொண்டு இருப்பினம்? வாயிலை உருண்டு உருண்டு சின்னனாப் போயிடும். எப்பவோ ஒருக்கால் நடக்கிறதுக்குத்தான் சொல்லு இராது. இருந்தாலும் அது ஆருக்கோ சொந்தமான பெரிய சொல்லாயிருக்கும். அதை அவிட்டு, முக்காலி போட்டு இருந்து, கதையாத்தான் சொல்லவேணும்."

பால் வெட்டுகிறவர் தன் கட்டிலிலிருந்து எட்டிப்பார்த்து, "ஐயா பெரட்டுல நின்னிருக்கீங்களா?" என்று கேட்டார். ஐயா குடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் கேட்டாரோ, ஐயா நினைவுபடுத்திக்கொண்டே இருந்தாரோ, என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சடக்கு, அதாவது ரோடு, தண்டவாளத்தைத் தாண்டுகிற இடத்தில் ஒரு கேட். அதன் ஓரத்தில் ஒரு அறையும் சமையல் கொட்டிலும். கட்டைக்காலைப் பூட்டிக்கொண்டு அவர் கேட்டைத் தள்ளுவதைப் பார்த்தால், இதற்கென்றே பிறந்த ஆள் என்று தோன்றும். எங்கள் மகள் அந்த அறைக்கு வந்த பிறகுதான் பிறந்தாள். ரயில் சத்தத்தில் தூங்கி, ரயில் வராவிட்டால் விழித்துக்கொள்ளும் பிள்ளை. அவள் தமிழ்ப் பள்ளிக்குப் போகத் தொடங்கி, அவளைத் தொட்டுத்தான் எனக்கும் எழுத்துக் கைவந்தது.

ஐயா தினமும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் வேலைக்கு நடந்து போவார். என் வீட்டுக்காரர் கை தூக்குவார், அவர் குடையை ஆட்டுவார். அவ்வளவுதான். கேட் மூடியிருந்தால் வெயிலில் நிற்பார். மோர் கொண்டுபோய் நீட்டினாலும் போத்தலைத் தூக்கிக் காட்டிவிடுவார். வருஷக்கணக்காக இப்படியே. கடன்பட்ட நெஞ்சு என்று சொல்வார்களே, அதை இறக்கிவைக்க ஒரு வழி இல்லாமல் நான் தவித்தேன். என் வீட்டுக்காரர், "விடு, அவருக்குத் தெரியும்" என்பார். அவருக்குத் தெரிந்தால் போதுமா, நான் சொல்ல வேண்டாமா?

பிறகு ஒருநாள், அவர் உத்தியோகத்திலிருந்து நிற்கிறார், யாழ்ப்பாணத்துக்கே போகிறார் என்று டிரஸ்ஸர் வந்து சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த நாட்களில் சங்கம், கூட்டம் என்று ஊரில் நல்ல தமிழ் கிளம்பியிருந்தது. மேடையில் பேசுகிறவர்கள் கடைசியில் சொல்கிற வாசகம் ஒன்று என் மனசில் நின்றிருந்தது. அதையே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மகளை உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஐயா செய்த உபகாரத்துக்கு நாங்கள் என்றென்றும் நன்றியுள்ளவர்களாக இருப்போம். மாவு கரைத்துக்கொண்டே சொன்னேன், துணி பிழிந்துகொண்டே சொன்னேன். நன்றி என்கிற சொல்லை அதற்கு முன் என் வாயால் நான் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

கடைசி நாள் காலையில் அவர் வந்தார். கிள்ளான் வண்டி வரும் நேரம், கேட் மூடியிருந்தது. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்று, மூச்சு விடாமல் முழுவதையும் சொல்லி முடித்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. கதவோரம் நின்ற மகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் உத்திரத்தைப் பார்ப்பது மாதிரி வானத்தைப் பார்த்தார். கை வலது காதுக்குப் போயிற்று.

"உது மேடைக்காரன்ரை சொல்லு" என்றார். "உன்ரை சொல்லிலை சொல்லு பிள்ளை."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பெயரெடுத்தவள் நான். என்ன சொல்வது? நீங்கள் முக்காலி போட்டு உட்காராவிட்டால் எனக்கு இந்த வீடு இல்லை. அந்தக் கட்டைக்கால் நடக்கிற சத்தம் இல்லை. தகப்பன் மடியில் ஏறி ரயில் பார்க்கிற பிள்ளை இல்லை. நினைத்ததில் ஒன்றும் சொல்லாக வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. ரயில் வந்தது, எங்கள் எல்லார் மேலும் புகையைத் தள்ளிவிட்டுப் போனது. என் வீட்டுக்காரர் கட்டைக்காலைப் போட்டுப் போட்டு நடந்து கேட்டைத் திறந்தார். மாட்டுவண்டி ஒன்று தாண்டிப் போயிற்று, சைக்கிள்கள் போயின. ஐயா காதைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வாயில் வந்தது, எதிர்ப்படுகிற யாரிடமும் தினமும் நாங்கள் சொல்கிற பேச்சுத்தான்.

"பசியாறிட்டுப் போங்கய்யா" என்றேன்.

காதை விட்டார். குடையைக் காலரிலிருந்து கழட்டினார். சப்பாத்தைக் கழட்டி வாசலில் ஓரமாக வைத்து, பக்கத்தில் சோடாப் போத்தலையும் நிறுத்திவைத்தார். குனிந்து உள்ளே வந்து தரையில் பலகை மேல் உட்கார்ந்தார். தோசை ஊற்றிப் போட்டேன், தேங்காய்ச் சட்டினி அரைத்து வைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் போட்டதையெல்லாம் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்து நிமிர்ந்து, "தண்ணி தா பிள்ளை" என்றார். செம்பை இரண்டு கையாலும் நீட்டினேன். எங்கள் பானைத் தண்ணீரை அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

"எனக்கு விளங்கிச்சு" என்றார்.